ஜிப்சிக்குள் சத்தம் குறைக்க 28,000 ரூபாய் அழுதேன், தரையே போச்சு. பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு என் வண்டியின் தரையை அழுக வைத்து அனுப்பியிருக்கிறார்கள். இன்று காலை டிங்கர் பாய் பட்டறையில், சத்தம் குறைக்கத் தரையில் ஒட்டியிருந்த ஷீட்டைக் கிழித்துப் பார்த்தோம். பாய் ஸ்க்ரூ டிரைவரை லேசாக வைத்து அழுத்தினார், டிரைவர் சீட்டுக்கு முன்னால் தகரத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

வண்டி 2006 மாடல் மாருதி ஜிப்சி, துணி டாப். ஓசூர் ரோட்டில் எண்பதில் போனால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. டிரான்ஸ்ஃபர் கேஸ் (நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஊளை, டயர் இரைச்சல், தகர அதிர்வு எல்லாம் சேர்ந்து காதைக் கிழிக்கும். அதற்காகத்தான் போன வருஷம் சித்திரையில் கிருஷ்ணகிரியில் ஒரு கார் அக்சஸரீஸ் கடைக்குப் போனேன். பெயர் போடவில்லை. சீட் கவர், மியூசிக் சிஸ்டம் என்று சகலமும் செய்கிற, வாசலில் எப்போதும் நாலு வண்டி நிற்கிற கடை.

கடைக்காரர் கார்பெட்டைத் தூக்கி, தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அங்கங்கே பெயிண்ட் உப்பியிருந்ததை அவரே காட்டினார். "அண்ணா, இதுமேல அப்படியே ஒட்டினா துரு உள்ளயே தின்னுடும். ஒயர் பிரஷ்ல சுரண்டி, துருவை நிறுத்துற ரஸ்ட் கன்வெர்ட்டர் அடிச்சு, எபாக்ஸி ப்ரைமர் போட்டு, காஞ்சப்புறம்தான் ஷீட்டு. அதுவும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டு. தார் ஷீட்டை நாங்க கையாலயும் தொடறதில்ல" என்றார். துருவைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் இப்படிப் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்? டீ வேறு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் ப்ரைமர் அடித்த தரை என்று வாட்ஸாப்பில் படமும் வந்தது. 28,000 ரூபாயையும் எண்ணிக் கொடுத்து வண்டியை எடுத்தேன். சத்தம் நிஜமாகவே குறைந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெயிலில் நிறுத்தினால் உள்ளே தார் வாடை அடித்தது. கேட்டதற்கு "புதுசு இல்லண்ணா, போயிடும்" என்றார். மழைக்குப் பிறகு புழுங்கிய நாற்றம் வர ஆரம்பித்தது. "அது ஏசி இல்லாத வண்டி, அப்படித்தான் இருக்கும்."

இன்று பார்த்தால் அது பியூட்டைலே இல்லை. மேலே அலுமினியத் தாள் ஒட்டிய வெறும் தார் ஷீட். எஞ்சின் பக்கத்துச் சுவரில் சூட்டுக்கு இளகி, பெடல் வரைக்கும் வழிந்திருக்கிறது. சுரண்டலும் இல்லை, ப்ரைமரும் இல்லை. உப்பிய பெயிண்ட் மேலேயே ஒட்டியதால் பிடிக்காத இடமெல்லாம் பைபோல் தூக்கி, அதற்குள் தண்ணீர். இதைவிடக் கொடுமை, தரையில் தண்ணீர் இறங்க ரப்பர் மூடி போட்ட துளைகள் இருக்குமே, அத்தனையையும் சேர்த்து மூடி ஒட்டியிருக்கிறார்கள். துணி டாப் வண்டி, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும்போது நல்ல மழை பிடித்தால் உள்ளே தண்ணீர் வரத்தான் செய்யும். முன்பெல்லாம் மூடியைக் கழற்றினால் இறங்கிவிடும். இப்போது இறங்கவும் வழியில்லை, காயவும் வழியில்லை. மார்கழியில் தளிப் பக்கம் ராத்திரி நிறுத்தினால் தகரம் வேர்க்கும், அந்த ஈரமும் உள்ளேயேதான். போதாக்குறைக்கு மேலே சாதாரண ஸ்பாஞ்ச். பிழிந்தால் பழுப்பு நிறத் தண்ணீர் ஒழுகியது.

அங்கிருந்தே போன் செய்தேன். முதலில் "ஒட்டின பையன் வேலையை விட்டுப் போயிட்டான்". அடுத்து "ஷீட்டுக்குத்தான் வாரண்டி, தகரத்துக்கு நாங்க பொறுப்பில்ல". மூன்றாவது தடவை வேறொருவர் எடுத்து, ஓனர் தருமபுரி போயிருக்கிறார் என்றார். பின்னால் ஓனரின் குரலே கேட்டது. அப்புறம் எடுக்கவே இல்லை.

வாட்ஸாப் படத்தைப் பாய்தான் பெரிதாக்கிப் பார்த்தார். ஜிப்சியில் கியர் லீவருக்குப் பக்கத்தில், நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீல் லீவரும் இருக்கும். படத்தில் ஒரே ஒரு லீவர். யாருடைய வண்டித் தரையோ அது!

அழுகிய தகரத்தை வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய இன்னும் 15,000 ஆகுமாம். ஏற்கெனவே போன 28,000 தனி.

எப்படி முறையாகச் செய்வது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு அதில் இல்லை. இதை மட்டும் பாருங்கள். ஷீட் ஒட்டுவதற்கு முன்னால் நேரில் போய்த் தரையைப் பாருங்கள், படம் அனுப்புகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர்த் துளை, கதவின் அடிப்பாகம், தகரம் சேரும் மடிப்பு, இங்கெல்லாம் ஷீட் வரக் கூடாது. தரை முழுக்க ஒட்டினால்தான் சத்தம் குறையும் என்பது பில்லை ஏற்றுகிற பேச்சு. ஒவ்வொரு தகட்டிலும் கால்வாசி இடத்தில் ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும். ஃபோம் போட்டால் தண்ணீர் குடிக்காத குளோஸ்டு செல் ஃபோம் போடச் சொல்லுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லப் போகிறேன். என்னிடம் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு, "மேட் வேலை 28,000" என்று பேனாவில் எழுதியது. நீங்கள் ஷீட்டின் பெயரும் ப்ரைமர் வேலையும் தனித்தனியாகப் போட்ட ஜிஎஸ்டி பில் கையில் வராமல் பணத்தை எடுக்காதீர்கள்.