ஜெர்சிப் பணமும் கைமாற்றும்: குழித்துறையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம்

தூத்தூர் பகுதியிலுள்ள ஒரு கடலோர ஊரின் கால்பந்துக் கழகத்துக்கு நான் பொருளாளர். ஜெர்சியில் யார் பெயரை எவ்வளவு பணத்துக்கு அச்சிட்டோம் என்ற கேள்விதான் எங்களைக் குழித்துறை நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்று மாதங்களில் அங்கே நாங்கள் பெற்ற சேவையைப் பற்றி எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இப்படியொரு வேலைக்கு வக்கீலைத் தேடும் கழகங்களுக்கு, அவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்தால் போதும்.

எங்கள் சிக்கல் இதுதான். அன்றைய தலைவரின் மைத்துனர் ஐஸ் ஆலை வைத்திருக்கிறார். அவர் ஜெர்சி விளம்பரத்துக்கென்று 1,50,000 ரூபாய் தந்தார். ரசீதில் 'கழகத்துக்காக' என்று மட்டுமே எழுதியிருந்தது. பக்கத்து ஊர்க் கழகங்களுக்கு அதே இடத்துக்குக் கிடைப்பது ஐம்பதாயிரம், மிஞ்சினால் அறுபதாயிரம். அந்த மகிழ்ச்சியில் எவரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தேர்தலில் தலைவர் தோற்றதும், அறுபதாயிரம்தான் விளம்பரத்துக்கு, மீதி தொண்ணூறாயிரம் வட்டியில்லாக் கைமாற்று, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று மைத்துனரிடமிருந்து நோட்டீஸ் வந்தது.

பொதுவாக வக்கீல்கள் நோட்டீஸை வாங்கிப் படித்ததும் பதில் நோட்டீஸ் எழுதத் தொடங்கிவிடுவார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. பணம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் என்ன உறவு, அந்த இடத்துக்குச் சந்தையில் என்ன விலை, விலைக்கு மேற்பட்ட தொகையைக் கணக்கில் எந்தத் தலைப்பில் வைத்தீர்கள் என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மான்செஸ்டர் சிட்டி கழகத்துக்கும் அது ஆடும் இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கும் நடந்த வழக்கும் இதே மூன்று கேள்விகளைச் சுற்றித்தான் என்று அவர் சொன்னபோது, உடன் வந்திருந்த இளைஞர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

2021 அக்டோபரில் அதே லீக்கின் நியூகாசில் அணி சவூதி அரசின் முதலீட்டு நிதியத்தின் கைக்குப் போனது. உரிமையாளரோடு தொடர்புடைய நிறுவனங்கள் விளம்பரம் என்ற பெயரில் பணத்தைக் கொட்டிவிடக் கூடாதென்று அதே ஆண்டு டிசம்பரில் லீக் ஒரு விதி கொண்டுவந்தது. அத்தகைய ஒப்பந்தம் எதுவும் நியாயமான சந்தை மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 பிப்ரவரியில் அது மேலும் இறுக்கப்பட்டது. சிட்டி எதிர்த்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான நடுவர் மன்றத் தீர்ப்பு இரு தரப்புக்கும் பாதி வெற்றி என்றே சொல்லலாம். சந்தை மதிப்புச் சோதனை தேவைதான் என்ற அடிப்படையை ஏற்றுக்கொண்டாலும், பங்குதாரர்கள் தங்கள் கழகத்துக்குத் தரும் வட்டியில்லாக் கடன்களை அந்தச் சோதனைக்கு வெளியே விட்டது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்றது. விளம்பரப் பணத்தை மட்டும் அளந்துவிட்டுக் கடனை அளக்காமல் விட்டால், கடனில் ஓடும் கழகத்துக்கு அது மறைமுகச் சலுகை. எங்கள் தொண்ணூறாயிரம் எந்த ஓட்டைக்குள் விழுந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்தத் தீர்ப்பின் இன்னொரு பகுதியையும் அவர் எங்கள் வேலையில் பயன்படுத்தினார். லீக் எந்த ஒப்பீட்டு விவரங்களை வைத்து மதிப்பை முடிவு செய்தது என்பதைப் பார்த்துப் பதில் சொல்லும் வாய்ப்பு சிட்டிக்குத் தரப்படவில்லை என்பதால், எதிஹாட் விமான நிறுவனத்தோடு சிட்டி செய்த விளம்பர ஒப்பந்தம் பற்றிய லீக்கின் முடிவு ரத்தாகியிருந்தது. எனவே பக்கத்துக் கழகங்களின் விலை விவரங்களைச் சேகரித்ததும் நேரே மைத்துனரின் வக்கீலுக்கு ஒரு நகல் அனுப்பினார். கையிலிருப்பதை எதிராளியிடம் ஏன் காட்ட வேண்டும் என்று கமிட்டியில் முணுமுணுத்தார்கள், நானும்தான். ஆனால் அறுபதாயிரம் என்ற விலை மீது அதற்குப் பிறகு தகராறே எழவில்லை.

வழக்குப் போடுவதற்கான காலவரம்பு பற்றியும் நேர்மையாகச் சொன்னார். வேறொரு வழக்கில், ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் ஆட சிட்டிக்கு விதித்த இரண்டாண்டுத் தடையை 2020 ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் நீக்கியபோது, சில குற்றச்சாட்டுகள் ஐந்தாண்டு வரம்பைத் தாண்டியவை என்பதும் ஒரு காரணம். அபராதமும் மூன்று கோடி யூரோவிலிருந்து ஒரு கோடியாகக் குறைந்தது. நம் நாட்டில் கைமாற்றுக் கடனுக்கு மூன்றாண்டு. எங்கள் விஷயத்தில் அது முடியவில்லை, ஆகவே அந்த வழியில் தப்ப முடியாது என்று முதல் நாளே கைவிரித்தார். இறுதியில் சமரசம்: ஐம்பதாயிரம் நன்கொடை, நாற்பதாயிரத்தை எட்டுத் தவணைகளில் திருப்பித் தருவது. சிட்டியும் லீக்கும்கூட 2025 செப்டம்பரில் சமரசமாகத்தான் முடித்துக்கொண்டன.

குறைகள் புதிய ஒப்பந்தம் எழுதும் கட்டத்தில் தெரிந்தன. பத்து நாளில் தருவதாகச் சொன்ன வரைவு முப்பத்தெட்டு நாள் எடுத்தது. தொலைபேசியில் எப்போதும் குமாஸ்தாதான் கிடைத்தார். வந்த வரைவும் ஏதோ பெரிய கழகத்துக்கு எழுதியதன் நகல் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. அரங்கத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை என்று ஒரு முழுப் பக்கம். எங்களுக்கு அரங்கம் ஏது, விளையாடுவது பங்குக் கோவில் மைதானத்தில். தகராறு வந்தால் தீர்த்துவைக்கும் நடுவரை விளம்பரதாரரே நியமிப்பார், விசாரணை சென்னையில் என்றும் இருந்தது. முடிவில் அக்கறையுள்ள தரப்பு தனி நடுவரைத் தானே நியமிக்க முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்ட பிறகும் இது எப்படி வந்தது என்று கேட்டோம். தவறை ஒப்புக்கொண்டு, இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் நடுவர், நாகர்கோவிலில் விசாரணை என்று திருத்தினார். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை. ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்ததால் தமிழ்ப் படியை நாங்களே எழுதிக்கொண்டோம்.

பேச்சுவாக்கில், நிதி விதியை மீறியதற்காக அதே லீக்கின் எவர்டன் கழகத்துக்குப் பத்துப் புள்ளிகள் பறிபோயின என்றவரை எங்கள் கோல்கீப்பர் திருத்தினார்: 2023 நவம்பரில் பத்து, மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரியில் அது ஆறாகக் குறைந்தது, ஏப்ரலில் வேறொரு குற்றத்துக்கு மேலும் இரண்டு. வக்கீல் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

நோட்டீஸுக்கும் சமரசத்துக்குமாக 8,000, ஒப்பந்தத்துக்கு 4,000, முத்திரைத்தாள் செலவு தனி. முன்பணம் பாதி, ரசீது கேட்காமலே தந்தார்கள். வேலையின் முதல் பாதிக்கு இது குறைவு, இரண்டாம் பாதிக்கு அதிகம். தகராறு என்றால் மறுபடியும் அவரிடமே போவேன். ஒப்பந்தம் மட்டும் என்றால், போட்டி தொடங்க இரண்டு மாதமாவது இருக்க வேண்டும். போகிறவர்கள் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் கமிட்டித் தீர்மானப் புத்தகத்தையும் முதல் நாளே எடுத்துச் செல்லுங்கள். நாங்கள் அவற்றுக்காக மட்டும் இரண்டு முறை குழித்துறைக்குப் பேருந்து ஏறினோம்.