ஒயிட்ஃபீல்டில் ஒரு புதிய தமிழ்ச் சபை: ஆத்தும விசாரிப்பு எப்படி இருக்கிறது?

பெங்களூர் ஒயிட்ஃபீல்டு வட்டாரத்தில், வாடகை மண்டபம் ஒன்றில் கூடிவரும் புதிய தமிழ்ச் சபைக்கு எங்கள் குடும்பம் சில காலமாகச் சென்றுவருகிறது. அதன் பாடல்களையும் பிரசங்கத்தையும் பலர் புகழ்கிறார்கள். ஆனால் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வேலைக்காக வந்து, உறவினர் துணையின்றி வாழும் குடும்பங்களுக்கு அதைவிட முக்கியம் ஆத்தும விசாரிப்பு, அதாவது போதகர் விசுவாசிகளைச் சந்தித்து, நலம் கேட்டு, ஜெபித்துத் துணைநிற்பது என்பதால், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

நாங்கள் சென்ற முதல் வாரத்திலேயே போதகர் தம் மனைவியுடன் வீட்டுக்கு வந்தார். காணிக்கையைப் பற்றியோ உறுப்பினராகச் சேர்வதைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசாமல், பிள்ளைகளின் படிப்பையும் என் மாமியாரின் உடல்நலத்தையும் பொறுமையாகக் கேட்டறிந்து, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து ஜெபித்துவிட்டுச் சென்றார். பின்பு மாமியார் மருத்துவமனையில் இருந்தபோது, யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் உள்ளபடி எண்ணெய் பூசி ஜெபித்தவர், மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடும்படியும் சொன்னார். விசுவாசத்தின் பெயரால் மருந்தை நிறுத்தச் சொல்லுகிறவர்களும் இருப்பதால், இதை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன்.

குறை என்னவென்றால், இவ்வளவும் அவர் ஒருவர் தோளிலேயே இருக்கிறது. சபை பெருகப் பெருக வீட்டுச் சந்திப்புகள் அரிதாகின்றன. எலெக்ட்ரானிக் சிட்டி வரை சிதறி வாழும் விசுவாசிகளை மாலை நெரிசலில் ஒருவரே போய்ப் பார்ப்பது நடக்கக்கூடிய காரியமல்ல. எபேசுவில் மூன்று ஆண்டுகள் கண்ணீரோடு ஊழியம் செய்த பவுலும் மந்தையை மூப்பர்களிடம்தான், அதாவது சபையைக் கவனிக்கும் பொறுப்பேற்றவர்களிடம்தான், ஒப்புவித்தார். தம் உடன் ஊழியரான தீத்துவைக் கிரேத்தா தீவில் அவர் விட்டுவந்ததும் பட்டணந்தோறும் மூப்பர்களை ஏற்படுத்துவதற்காகவே. இங்கோ மூப்பர்கள் இன்னும் நியமிக்கப்படவில்லை. பெண்கள் மனந்திறந்து பேசுவதற்குப் போதகரம்மாவைத் தவிர வேறு ஆளும் இல்லை.

இன்னொன்றையும் உடனே திருத்த வேண்டும். ஒரு குடும்பத்தின் மணவாழ்க்கைச் சிக்கல் ஜெபக் குறிப்பாகச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. போதகர் அதை நீக்கினாலும், அதற்குள் பலர் படித்துவிட்டார்கள். சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி எதையும் பகிரக்கூடாது என்பது எழுதப்பட்ட ஒழுங்காகவே இருக்க வேண்டும்.

உறுப்பினராகச் சேர நினைப்பவர்கள் திருமணத்தையும் அடக்க ஆராதனையையும் பற்றி முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, பேராயரால் குருப்பட்டம் பெற்றவர்கள் போன்ற சிலரைத் தவிர, மற்ற ஊழியர்கள் திருமணம் நடத்த அரசு உரிமம் தேவை. இந்தப் போதகர் தமக்கு அது இன்னும் இல்லை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லி, உரிமம் பெற்ற வேறொரு போதகரை அழைத்துத் தருவதாகக் கூறினார். கல்லறைத் தோட்டத்தில் இடம் பெறுவதற்கு இதுவரை ஏற்பாடு ஆகவில்லை என்பதால், வயதானவர்கள் உள்ள குடும்பங்கள் தங்கள் பழைய சபையின் உறுப்பினர் பதிவை அதுவரை விட்டுவிடாமல் வைத்திருப்பது நல்லது.