மாடிச் சபையா, மெத்தடிஸ்டா?

வேலை மாறி மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்ததும் ஒரு கிறிஸ்தவ சபை தேடினேன். சிக்கல் ஒன்றுதான்: நரகத்தில் மனிதர் முடிவே இல்லாமல் வாதிக்கப்படுவார்கள் என்பதை நான் நம்பவில்லை. துன்மார்க்கர் அழிந்துபோவார்கள், அவ்வளவுதான் என்பது என் எண்ணம்.

இதற்கு ஒத்துப்போகிறவர்கள் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு என்ற சபைப் பிரிவினர். ஆனால் ஆராதனை சனிக்கிழமை. செம்பனை ஆலையில் எனக்கு அன்று வேலை. கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) அவர்கள் ஆட்களுக்குத்தான். இரண்டே தடவை போனேன், அதை வைத்துக் குறை சொல்வது சரியில்லை.

மிஞ்சியது கடைவரிசை மாடியில் ஒரு பெந்தெகொஸ்தே சபையும் தமிழ் மெத்தடிஸ்டும்.

மாடிச் சபையில் விசுவாசப் பிரமாணம், அதாவது எதையெல்லாம் நம்புகிறோம் என்ற அறிக்கை, சொல்வதில்லை. எனக்கு அதுதான் தோது என்று போனேன். பாட்டு, உபசரிப்பு எதிலும் குறையில்லை. ஆனால் பிரமாணம் பிரசங்கத்துக்குள் இருந்தது. “இன்னிக்கு ராத்திரி செத்தா எங்கே போவீங்க?” என்று ஆரம்பித்து, போதகர் அக்கினிக் கடலை அரைமணி நேரம் விவரித்தார். பிறகு, நம்புகிறவர்கள் கை தூக்கச் சொன்னார். எங்கள் வரிசையில் என் கை மட்டும் மடியில் கிடந்தது. அடுத்த இரண்டு வாரமும் இதே கதை.

மெத்தடிஸ்ட் சபையில் எல்லோரும் எழுந்து பிரமாணத்தைச் சேர்ந்து சொல்வார்கள். அதற்குப் பயந்தே தள்ளிப்போட்டேன். ஒரு சனிக்கிழமை இரவு அதை வரிவரியாகப் படித்துப் பார்த்தேன். உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பது இருக்கிறது, சரீரம் உயிர்த்தெழுதல் இருக்கிறது, நித்திய ஜீவன் இருக்கிறது. நித்திய வேதனை எங்குமே இல்லை! தீமை செய்தவர்களுக்கு நித்திய அக்கினி என்று சொல்வது அத்தனாசியு பிரமாணம் என்ற வேறொரு பழைய பிரமாணம். 1784இல் அமெரிக்க மெத்தடிஸ்டுகளுக்கு ஆராதனைப் புத்தகம் தொகுத்த ஜான் வெஸ்லி, மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியவர், அதைச் சேர்க்கவில்லை. (வெஸ்லி நரகத்தை நம்பினவர்தான், என் கட்சிக்கு அவரை இழுக்க மாட்டேன்.) ஆக, நான் பொய் சொல்லாமல் கடைசி ஆமென் வரை வாய்விட்டுச் சொல்லலாம். எனக்கு அது போதும்.

மெத்தடிஸ்டிலும் பிரசங்கத்தில் நரகம் வரும், ஆனால் கை தூக்கச் சொல்வதில்லை. முதல் நாள் ஆராதனை முடிந்ததும் நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் திணித்த ஒரு பெரியம்மா, “எந்தத் தோட்டம் தம்பி?” என்றுதான் கேட்டார். அப்பா பால்மரம் வெட்டிய தோட்டத்தின் பேரைச் சொன்னேன். அங்கே அவருக்கு ஒரு நாத்தனார் இருந்தாராம்.

பத்து மாதமாகப் போகிறேன். இன்னும் உறுப்பினராகப் பேர் கொடுக்கவில்லை. கொடுக்கும்போது போதகரிடம் நரக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவேன்.