பத்துமலைக்கு எந்தக் கேமரா?

தைப்பூச இரவில் மலேசியாவின் பத்துமலைக் குகைக் கோயிலின் 272 படிகளில் காவடிகளுக்கு நடுவே ஏறுபவருக்குச் சட்டைப்பையில் அடங்கும் சிறு கேமராதான் வசதி. கூட்டம் நெருக்கினாலும் ஒரு கையை உயர்த்திப் படம் எடுத்துவிடலாம்.

குகைக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. சாதாரணச் சிறு கேமராவில் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் ஏறக்குறைய 6 மி.மீ. அகலம், உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸை மாற்றக்கூடிய பெரிய கேமராவான டிஎஸ்எல்ஆரில், தொடக்கநிலை என்றாலும், 22 முதல் 24 மி.மீ. வரை. பரப்பளவில் பத்து மடங்குக்கும் மேல்! சென்சார் பெரிதானால் வாங்கும் வெளிச்சமும் அதிகம். அந்த மங்கிய வெளிச்சத்தில் சிறு கேமராவில் நான் எடுத்த படத்தில், பால்குடம் சுமந்த அத்தையின் முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. மறு ஆண்டு இரவல் வாங்கிய டிஎஸ்எல்ஆரில், வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினேன். அத்தையின் நெற்றித் திருநீற்றில் விரல் பதிந்த மூன்று கோடுகளும் தனித்தனியே தெரிந்தன. அந்தப் படத்தை இன்றும் வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறோம்.

எடைதான் தொல்லை. லென்ஸோடு அரை கிலோவைத் தாண்டும். கொமுட்டர் ரயிலில் திரும்பும்போது கழுத்து வலிக்கும். பயணத்துக்கும் பகல் வெளிச்சத்துக்கும் மட்டும் என்றால் சிறியது போதும். கோயில், திருமணம், இரவு விழா என்றால் டிஎஸ்எல்ஆரையே வாங்குங்கள். நிறுவனங்கள் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பக்கம் திரும்பிவிட்டதால், கைமாறிய நல்ல டிஎஸ்எல்ஆரைத் தேடுவதும் நல்ல யோசனை. மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுங்கள்.