போடிமெட்டில் சொகுசு கார் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

2019 ஆகஸ்டில் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலை வந்த வேகத்தில் இறங்கிவிட்டது. அந்தச் சூட்டில் ஏலத் தோட்டக்காரர்கள் வாங்கி, போடிக்கும் கம்பத்துக்கும் வந்து சேர்ந்த ஜெர்மன் கார்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன. அவற்றில் பல இப்போது கைமாறி இரண்டாவது உரிமையாளரிடம் ஓடுகின்றன. என்னுடையதும் அப்படி வாங்கியதுதான். புது காரோடு கம்பெனி கொடுத்த இலவச சாலையோர உதவி, அதாவது கார் வழியில் நின்றால் ஆளும் வண்டியும் அனுப்பும் திட்டம், இந்த ஆண்டு முடிந்தது. அடுத்து என்ன செய்வது என்று யோசித்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கம்பெனித் திட்டத்தையே காசு கட்டி நீட்டிக்கலாம். கார் இன்சூரன்சைப் புதுப்பிக்கும்போது சாலையோர உதவிக்கான கூடுதல் காப்பை, அதாவது ஆட்-ஆனைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாம், தேனியில் நின்றுபோன கார்களைத் தூக்கிப் போகும் ரெக்கவரி வண்டி வைத்திருப்பவரின் எண் போதும் என்றும் இருந்துவிடலாம். நான் முதலாவதை எடுத்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மற்ற இரண்டையும் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் நியாயம் உண்டு.

பட்டியலில் இருக்கும் சில்லறை வசதிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். பேட்டரி இறங்கினால் ஜம்ப் ஸ்டார்ட், டீசல் தீர்ந்தால் சில லிட்டர், சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் ஆள், டயர் மாற்ற ஆள். எல்லாத் திட்டங்களிலும் இவை உண்டு. டீசல் இலவசமாக வருவதில்லை, கொண்டுவந்து கொடுப்பதுதான் இலவசம். 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் போட்டதிலிருந்து, போடியில் டேங்கை நிரப்பாமல் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டுக்கு மலை ஏறுபவர் யாரையும் நான் பார்த்ததில்லை. ஆகவே அந்த வசதியால் நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. டயர் மாற்றும் வசதி இன்னும் வேடிக்கை. இந்தக் கார்களில் பலவற்றுக்கு ஸ்டெப்னியே கிடையாது, ரன்-பிளாட் டயர்தான். காற்று இறங்கினாலும் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பது கணக்கு. பூப்பாறையில் ஆணி ஏறினால் தேனி வரை மெதுவாக இறங்கிவிடலாம். டயரின் பக்கச்சுவர் கிழிந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. மாற்ற வருபவர் எதை எடுத்து எதை மாட்டுவார்? கடைசியில் காரைத் தூக்கிப் போக வேண்டியதுதான்.

ஆகவே கேள்வி தூக்கிப் போவதில் வந்து நிற்கிறது. அதில்தான் இந்தக் கார்கள் மற்ற கார்களிலிருந்து வேறுபடுகின்றன.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் காரை முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் கியர் பாகங்கள் வீணாகும். தட்டையான மேடை உள்ள பிளாட்பெட் வண்டியில் முழுதாக ஏற்ற வேண்டும். ஏற்றுவதும் லேசான வேலையில்லை. பேட்டரி செத்துவிட்டால் கியர் பார்க்கிங் நிலையான ‘பி’யிலிருந்து நகராது, எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக்கும் விடாது. முதலில் மின்சாரம் கொடுத்து நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். பேட்டரி சில மாடல்களில் டிக்கியில் இருக்கும். மின்சாரம் இல்லாமல் டிக்கி திறக்காது. பானெட்டுக்குள் அதற்கென்றே தனி முனைகள் வைத்திருப்பார்கள்; அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாதவர் கையில் ஜம்ப் கேபிளைக் கொடுப்பது ஆபத்து. முனை மாற்றிக் கொடுத்தால் கண்ட்ரோல் யூனிட்டுகள் போய்விடும்.

போன மழைக்காலத்தில் என் காரை ஏற்றிய தேனிக்காரர் வேலை செய்ததை அருகில் நின்று பார்த்தேன். பம்பரில் இருந்த சின்ன மூடியை நகத்தால் நெம்பி எடுத்தார். டூல் பெட்டியிலிருந்து இழுவைக் கொக்கியை எடுத்து இடப்பக்கமாகத் திருகினார். சில கார்களில் மறை அப்படித்தான் இருக்கிறது. வலப்பக்கம் திருகிப் பார்த்துவிட்டு மறை போய்விட்டது என்று கைவிடுபவர்கள் உண்டாம். பிறகு சாய்தளத்தின் நுனியில் இரண்டு பலகைகளைப் போட்டுச் சரிவைக் குறைத்தார். “பலகை போடாவிட்டால் முன் பம்பர் கையோடு வந்துவிடும் அண்ணே” என்றார். கம்பி சுற்றி இழுக்கும் வின்ச் காரை மேலே இழுத்து முடித்ததும் பட்டைகளை அச்சில் கட்டவில்லை, டயருக்கு மேலே சுற்றிக் கட்டினார். இவ்வளவும் தெரிந்த ஆள் வருகிறாரா என்பதுதான் எனக்கு முதல் கவலையாக இருந்தது.

அந்தக் கவலை பாதி தேவையற்றது என்று அன்றைக்கே தெரிந்தது. கம்பெனித் திட்டத்தில் கூப்பிட்டாலும் இன்சூரன்ஸ் எண்ணில் கூப்பிட்டாலும் போனை எடுப்பது ஓர் உதவி நிறுவனம். அது இந்தப் பகுதியில் ஒப்பந்தம் போட்டிருக்கும் ரெக்கவரி வண்டிக்காரருக்குத் தகவல் சொல்கிறது. தேனி வட்டாரத்தில் நல்ல பிளாட்பெட் வைத்திருப்பவர்கள் கைவிரலுக்குள் அடங்குவார்கள். யாரைக் கூப்பிட்டாலும் பெரும்பாலும் மலையேறி வருவது அதே வண்டி, அதே பலகை. என்னிடம் வந்தவரே மூன்று வழியாகவும் தனக்கு அழைப்பு வருவதாகச் சொன்னார்.

வண்டி ஒன்றே என்றால் வித்தியாசம் எங்கே? எத்தனை கிலோமீட்டருக்கு யார் காசு கொடுக்கிறார்கள், கார் எங்கே இறக்கப்படுகிறது என்பதில். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

போடிமெட்டிலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிப் போடிக்கு வர சுமார் 25 கிலோமீட்டர். போடியிலிருந்து தேனிக்கு 15. அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 75. ஆக மொத்தம் சுமார் 115 கிலோமீட்டர். எனக்குக் காட்டப்பட்ட இன்சூரன்ஸ் ஆட்-ஆன் தாளில் இழுவைக்கு வரம்பு 50 கிலோமீட்டர். அது ஆண்டிபட்டியைக்கூட எட்டாது. மீதித் தூரத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் நாம் கொடுக்க வேண்டும், வண்டி காலியாகத் திரும்பி வரும் தூரத்தையும் சேர்த்து. இதைவிடப் பெரிய சிக்கல் அந்த 50 எங்கிருந்து தொடங்குகிறது என்பது. கார் நின்ற இடத்திலிருந்து என்றால் பரவாயில்லை. வண்டி தன் ஷெட்டை விட்டுக் கிளம்பி மீண்டும் ஷெட்டுக்குத் திரும்பும் வரை என்று எழுதியிருந்தால், தேனியிலிருந்து மெட்டு ஏறுவதிலேயே 40 போய்விடும். ஏஜெண்டிடம் கேட்டேன். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்” என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மலையில் ஒன்றும் செய்ய முடியாது.

கம்பெனித் திட்டத்தில், குறைந்தபட்சம் என் காருக்கு நான் எடுத்ததில், கிலோமீட்டர் வரம்பு இல்லை. அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரமோ அவ்வளவு. நகரத்தில் இருப்பவருக்கு இந்த வரி பெரிதாகத் தெரியாது. கோயம்புத்தூரில் கார் நின்றால் சென்டர் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் வந்துவிடும். 50 அவருக்கு ஏராளம். அவர் ஆட்-ஆன் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நமக்குத்தான் இந்த ஒரு வரிக்காக மொத்தக் காசையும் கொடுக்கலாம். நீட்டிப்புக் கட்டணம் ஆட்-ஆனைப் போலப் பல மடங்கு. ஆனால் மலையிலிருந்து மதுரைக்கு ஒரு முறை சொந்தக் காசில் பிளாட்பெட் பேசியவருக்கு அந்தக் கட்டணம் பெரிதாகத் தெரியாது. மதுரையில் சென்டர் இல்லாத கம்பெனியின் காராக இருந்து கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ‘அருகிலுள்ள’ என்பதை முடிவு செய்வது நாம் அல்ல. போடிமெட்டில் நின்றால் மதுரைதான் அருகில். மூணாற்றுக்குப் போய் நின்றுவிட்டால் கொச்சி சுமார் 130 கிலோமீட்டர். மதுரை அதைவிடத் தூரம். காரைக் கொச்சிக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவர அங்கே போக வேண்டியது நாம்தான். கூடுதல் தூரத்துக்குப் பணம் கட்டினால் மதுரைக்குக் கொண்டுபோவார்களாம். நான் அதைச் செய்து பார்த்ததில்லை. எல்லை தாண்டுவதும் தனிக் கதை. தமிழ்நாட்டு ரெக்கவரி வண்டி கேரளத்துக்குள் வர அந்தப் பக்கத்து வரியும் பெர்மிட்டும் வேண்டும் என்று தேனிக்காரர்கள் சொல்கிறார்கள். எல்லாரும் கட்டி வைத்திருப்பதில்லை. சாந்தன்பாறையிலோ நெடுங்கண்டத்திலோ எஸ்டேட் வைத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

ஆட்-ஆன் பக்கம் பேச வேண்டியதையும் பேசிவிடுகிறேன். அதைப் பயன்படுத்தினால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, குறையாது. பலர் குறையும் என்று பயந்து கூப்பிடாமலே இருக்கிறார்கள். விலை மிகக் குறைவு. ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பு உண்டு, அது பெரிய குறை இல்லை. என் மைத்துனர் சின்னமனூரில் பேட்டரிக்காகக் கூப்பிட்டார், ஆள் வந்தார், வேலை முடிந்தது. ஆட்-ஆனைப் பற்றி எனக்கு இருக்கும் நேரடி அனுபவம் இவ்வளவுதான், அதுவும் அவருடையது. ஆட்-ஆனே எடுக்காமல் சாதாரண முழுக் காப்பீட்டு பாலிசியை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் இழுவைச் செலவுக்கு 1,500 ரூபாய் வரை கொடுப்பது விபத்துக்கு மட்டும். இயந்திரக் கோளாறில் நின்றால் அதுவும் இல்லை.

மூன்றாவது வழியை, அதாவது தேனிக்காரரின் எண்ணை, நான் ஒதுக்கவில்லை. கால் சென்டரில் பேசும் பெண்ணிடம் “எட்டாவது வளைவு” என்றால் அவர் பின்கோடு கேட்பார். தேனிக்காரருக்கு “எட்டாவது வளைவு” போதும், பக்கத்தில் குரங்கு உட்காரும் சுவர் எது என்பதுவரை தெரியும். வேகத்தில் அவரை யாரும் முந்த முடியாது. ஆனால் காசு நம் பையிலிருந்து போகிறது, மழை இரவில் அவர் கேட்பதுதான் விலை. வாரண்டி இருக்கும் காரை அவர் சொல்லும் மெக்கானிக்கிடம் இறக்கினால் பிறகு கம்பெனியோடு வாக்குவாதம் வேறு. சிக்னல் இல்லாத வளைவில் கார் நடுரோட்டில் நின்றால் முதலில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நடந்து போய் தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழைக்க வேண்டும். கொச்சி–தொண்டி தேசிய நெடுஞ்சாலை 85 அது, அந்த எண்ணுக்குக் கட்டணம் இல்லை. அவர்கள் வேலை போக்குவரத்துக்குச் சாலையைத் திறந்துவிடுவது, நம் காரை மதுரைக்குக் கொண்டுபோவது அல்ல. கிரேன் வந்தால் முன்பக்கத்தை மட்டும் தூக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்.

கம்பெனி விளம்பரத்தில் வரும் டாக்சி, ஓட்டல் அறை எல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. போடியில் வீடு இருக்கும்போது யார் கேட்பார்கள்? இரவு பதினொரு மணிக்குப் போடிமெட்டில் அந்த டாக்சி எங்கிருந்து வரும் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. எலக்ட்ரிக் கார்களைப் பற்றியும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவற்றையும் பிளாட்பெட்டில்தான் ஏற்ற வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

நீட்டிப்பை எடுப்பதென்றால் பழைய திட்டம் முடிவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு போனால் காரைச் சென்டருக்குக் கொண்டுவந்து சோதனைக்கு விடச் சொல்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம். கிலோமீட்டர் வரம்பு உண்டா, உண்டென்றால் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, கேரளத்துக்குள் நின்றாலும் இது பொருந்துமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டாவது கேள்விக்குப் பதில் வர மூன்று முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. பதில் வந்த பிறகுதான் பணம் கட்டினேன்.