கண்ணுக்கு எந்தக் கீரை: பொன்னாங்கண்ணியா, முருங்கையா?

எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மா, கண்ணாடி போட்ட பிள்ளையைப் பார்த்துவிட்டால் கூடையிலிருந்து முதலில் எடுப்பது பொன்னாங்கண்ணியைத்தான். "இதைத் தின்னா பகல்லயே நட்சத்திரம் தெரியும் கண்ணு" என்பார். அதே கூடையில் முருங்கைக்கீரை ஓரமாகக் கிடக்கும். அதைக் காசு கொடுத்து வாங்குவதை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகவே நினைப்பார்கள். யார் வீட்டு மரத்திலாவது ஒரு கொத்து ஒடித்துக்கொள்வதுதான் வழக்கம்.

கண்ணுக்காக என்றால் என் ஓட்டு அந்த ஓசிக் கீரைக்குத்தான்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் பச்சை இலைக்குக் கரோட்டீன் கணக்கு: பொன்னாங்கண்ணி 1,926 மைக்ரோகிராம், அகத்தி 5,400, முருங்கைக்கீரை 6,780. முருங்கையில் மூன்றரை மடங்கு! கறிவேப்பிலை 7,560 என்று எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது. ஆனால் தாளிக்கப் போடுவதே ஒரு ஈர்க்கு. அதையும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுகிறோமே, அப்புறம் எங்கே கண்ணுக்குப் போவது?

இந்தக் கரோட்டீனைத்தான் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க விழித்திரைக்கு அது வேண்டும். குறைந்தால் மாலைக்கண், முற்றினால் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே போய்விடும். 1970-லிருந்து அரசு குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு மருந்து கொடுத்து வருவது இதனால்தான். ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை.

ஆனால் கண்ணாடியின் பவரைக் குறைக்க எந்தக் கீரைக்கும் வக்கில்லை. கிட்டப்பார்வை பெரும்பாலும் விழி சற்று நீளமாக வளர்ந்துவிடுவதால் வருவது. நீண்ட விழியைக் கீரை எப்படிச் சுருக்கும்? பக்கத்து வீட்டு அக்கா ஒரு வருஷம் தன் மகனுக்கு விடாமல் பொன்னாங்கண்ணி கடைந்து போட்டார். பவர் ஏறத்தான் செய்தது. பையன் கீரை என்றாலே ஓடுகிறான் என்பதுதான் மிச்சம்.

சரி, கேரட்? மேலே சொன்ன அதே பழைய அட்டவணையில் கேரட்டுக்கு 1,890தான். பொன்னாங்கண்ணியும் அதுவும் ஏறக்குறைய சமம். அமெரிக்க அட்டவணையிலோ கேரட் 8,000-ஐத் தாண்டுகிறது. ரகம், மண், அளக்கும் முறை எல்லாம் சேர்ந்து எண்ணை இப்படி மாற்றும். அதனால் வைட்டமின் ஏ-வை வைத்துக் கேரட்டை மட்டம்தட்ட மாட்டேன்.

கேரட் தோற்பது லூட்டீனில். விழித்திரையின் நடுவே, எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் உதவும் சின்னப் பகுதி மாக்குலா. அதில் லூட்டீன், சியாசாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகள் படிந்து, நீல ஒளியை வடிகட்டுகின்றன. இவற்றை உடம்பால் தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். 100 கிராம் பாலக்கில் இரண்டும் சேர்ந்து சுமார் 12 மில்லிகிராம், கேரட்டில் கால் மில்லிகிராம். முருங்கையிலும் லூட்டீன் தாராளம். இலையின் பச்சைக்கு அடியில் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. (பாலக்கைப் பசலை என்று எழுதிவிடுகிறார்கள். கொடியாகப் படர்ந்து, வெந்தால் வழவழப்பாகும் நம் பசலை வேறு செடி.)

கடையில் விற்கும் லூட்டீன் மாத்திரையைப் பற்றியும் கேட்பார்கள். அமெரிக்க தேசிய கண் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு 10 மில்லிகிராம் லூட்டீன், 2 மில்லிகிராம் சியாசாந்தின் என்ற அளவு பரவியது. முதுமையில் மாக்குலா சிதையும் நோய் நடுக்கட்டத்தை எட்டியவர்களுக்கான கலவை அது. கூடவே வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரமும் உண்டு. முந்தைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டீனை எடுத்துவிட்டார்கள். புகைப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டீன் மாத்திரையால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. ஆக, கண் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மாத்திரை. மற்றவர்கள் அந்தக் காசில் முட்டை வாங்கலாம்.

முட்டையைச் சும்மா சொல்லவில்லை. கரோட்டீனும் லூட்டீனும் கொழுப்பில் கரைபவை. வெறும் தண்ணீரில் வேகவைத்த கீரையிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது சொற்பம். ஒரு கரண்டி நல்லெண்ணெயில் வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, முருங்கைக்கீரையை வதக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால், மஞ்சள் கருவின் கொழுப்பும் துணைக்கு வரும். மஞ்சள் கருவிலும் லூட்டீன் உண்டு. அளவு குறைவு என்றாலும் உடம்பில் நன்றாகச் சேரும்.

உருவுவதற்கு அலுத்துக்கொண்டுதான் பலர் முருங்கையை விட்டுவிடுகிறார்கள். கொத்தை இரவில் ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். காலையில் உதறினால் இலை பொலபொலவென்று கொட்டும். ஈர்க்கை மட்டும் பொறுக்கினால் போதும். பொன்னாங்கண்ணிக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. கணுக்கணுவாகக் கிள்ள வேண்டும். ஒரு கட்டு வாங்கினால் பாதி தண்டு. ஆனால் கசக்காது. பாசிப்பருப்போடு கடைந்தால் பிள்ளைகள் மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுவார்கள். முருங்கையின் லேசான கசப்பு எல்லாருக்கும் ஒத்துவராது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. அதிலுள்ள வைட்டமின் கே மருந்தோடு மோதும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் பாலக்கைக் குறைத்துக்கொள்ளலாம், கல் உருவாகத் துணைபோகும் ஆக்சலேட் அதில் அதிகம்.

எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கை, ஒரு நாள் பொன்னாங்கண்ணி. அந்த ஒரு நாள், மகளுக்காக.