38,400 ரூபாயும் என் மகனின் 27 நிமிடமும்: இணையவழி மனநல ஆலோசனைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இரவு இரண்டு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மாலையில் நான் பணம் கட்டிய ஆலோசனைச் செயலிக்காரர்களிடமிருந்து கடைசி மின்னஞ்சல் வந்தது. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. இத்துடன் மூடப்படுகிறது." எது தீர்ந்தது? 38,400 ரூபாய் கட்டினேன். ஒரு பைசா திரும்பி வரவில்லை. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன். என்னைப் போல் நள்ளிரவில் கைப்பேசியில் வழி தேடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டாமல் நின்றால் போதும். என்ன செய்ய வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

தனிநபர், தம்பதி, குடும்பம் என்று மூன்று வகைக்கும் வீடியோ அழைப்பில் உளவியல் ஆலோசனை தருவதாகச் சொல்லும் ஒரு செயலி அது. பெயரைச் சொல்லவில்லை. நுகர்வோர் உதவி எண்ணில் நான் கொடுத்த புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது; வழக்கு, வக்கீல் என்று அவர்கள் இறங்கினால் தாங்க என்னிடம் பணமும் இல்லை, தெம்பும் இல்லை.

எங்கள் ஊர் கரூர். நான் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். என் கணவர் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரே மகன், வயது 16. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினான் என்று நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்தோம். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. காரணமும் சொல்லவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். நாங்கள் தூங்கிய பிறகு வந்து, மூடி வைத்த சோற்றைத் தின்றுவிட்டுப் போவான். அவனை வைத்து எனக்கும் அவருக்கும் சண்டை. பிறகு சண்டையும் நின்றுபோய், மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தோம்.

ஓர் இரவு "மகன் பேசுவதில்லை என்ன செய்வது" என்று தேடினேன். அடுத்த நாளே இந்தச் செயலியின் விளம்பரம் என் கைப்பேசியில் வந்து நின்றது. எண்ணைப் பதிவு செய்தேன். பத்து நிமிடத்துக்குள் அழைப்பு வந்துவிட்டது. அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன்.

அந்த அழைப்பைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அதுதான்.

பேசியது ஒரு பெண். குரலை வைத்துப் பார்த்தால் 25 வயதுக்கு மேல் இருக்காது. நல்ல தமிழ். "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நடுவிலேயே அழுகை வந்துவிட்டது. ஆறு மாதமாக யார் முன்னாலும் அழாதவள் நான். அவள் குறுக்கே பேசவில்லை, அழாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அரை நிமிடத்துக்கு மேலேயே இருக்கும், மறுமுனையில் அமைதியாக இருந்தாள். பிறகு மெதுவாக, "இத்தனை நாள் நீங்கள் தனியாகவே சுமந்திருக்கிறீர்கள் அக்கா. தம்பிக்கு என்ன பிடிக்கும், சொல்லுங்கள்" என்றாள். முட்டைப் பரோட்டா என்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த அரை நிமிட அமைதியைத்தான் நான் நம்பினேன். எந்தப் பட்டத்தையும் சான்றிதழையும் பார்த்து நம்பவில்லை. நம் வலியை ஒருத்தி வாய் மூடிக் கேட்டாள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த ஐந்து நிமிடத்தில் விலைக்கு வந்தாள். 24 அமர்வு, எனக்கு, அவருக்கு, மகனுக்குத் தனித்தனியாகவும், தம்பதியாகவும், குடும்பமாகவும். ஒன்றுக்கு 2,000 வீதம் 48,000. இன்று இரவு 12 மணிக்குள் மொத்தமாகக் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி, 38,400. "இரண்டு மூன்று அமர்வோடு நிறுத்திவிடுகிறவர்களுக்குத்தான் பலன் கிடைப்பதில்லை அக்கா. முழுதாகக் கட்டினால் நமக்கே ஒரு பிடிப்பு வரும்." தமிழ் பேசும் ஆலோசகர்தானா என்று கேட்டேன். "கண்டிப்பாக." கடைசி வரை ஒரே ஆலோசகர்தானா? "கண்டிப்பாக." பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா? "அந்தக் கவலையே வேண்டாம் அக்கா, நான் இருக்கிறேன்."

என் கணக்கில் அப்போது ஏலச்சீட்டுப் பணம் 50,000 இருந்தது. கூட்டுறவு வங்கியில் வைத்திருக்கும் இரண்டு வளையலையும் மீட்க எடுத்த சீட்டு. அன்றிரவு 10 மணிக்கு யுபிஐ மூலம் 38,400 ரூபாய் அனுப்பினேன். வளையல்கள் இன்னும் வங்கியில்தான் இருக்கின்றன. வட்டி ஓடுகிறது.

முதல் அமர்வு எனக்கு. ஆலோசகருக்குத் தமிழ் புரியும், ஆனால் ஆங்கிலத்தில்தான் பேசினார். எனக்குச் சமாளிக்க முடியும், பரவாயில்லை என்று விட்டேன். மனதில் இருந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டு முறை துணிமணியை எடுத்து வைத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு முசிறியில் இருக்கும் என் அம்மா வீட்டுக்கே போய்விடலாம் என்று நினைத்ததையும் சொன்னேன். என் கணவரிடம் நான் சொல்லாத விஷயம் அது. சொன்ன பிறகு நெஞ்சு லேசானது. அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாவது, எங்கள் இருவருக்குமானது. திரையில் வேறொருவர் இருந்தார். முந்தையவர் "இப்போது எங்களுடன் இல்லை" என்றார்கள். புதியவர் எதையோ பார்த்துப் படித்துவிட்டு, என் கணவரிடம், "உங்கள் மனைவி உங்களைப் பிரிந்து போக நினைத்ததாகப் போன வாரம் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டார்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பட்டறையிலிருந்து வந்த கையோடு உட்கார்ந்தவர். விரலில் ஒட்டியிருந்த பெயிண்டை மற்ற கையின் நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். 45 நிமிடமும் அதையேதான் செய்தார். அதன் பிறகு எந்த அமர்விலும் அவர் உட்காரவில்லை. அவருடைய தனி அமர்வுக்கு வரவில்லை என்று, அதையும் பயன்படுத்தியதாகவே கணக்கில் கழித்தார்கள்.

தனியாகச் சொன்னதைத் தம்பதி அமர்வில் சொல்லலாமா கூடாதா என்பதை முதல் நாளே மூன்று தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டுமாம். முறையாகப் படித்த எந்த ஆலோசகரும் அதைச் செய்யாமல் தொடங்க மாட்டார் என்று இப்போது தெரிந்துகொண்டேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்கிறது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் ஒருவரை நம்பிச் சொன்னது, எனக்குத் தெரியாத யார் யாரோ படிக்கும் குறிப்பாகச் செயலிக்குள் கிடந்திருக்கிறது.

அதற்குப் பிறகும் ஏன் தொடர்ந்தாய் என்று என் தங்கை கேட்டாள். 38,400 கட்டிவிட்டேனே, எப்படி விடுவது? அதோடு மகனுக்கு இன்னும் ஒரு முறைகூட ஆகவில்லை. அவனுக்காகத்தானே எல்லாமே.

அவனைச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் ஆனது. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கெஞ்சினேன். "ஒரே ஒரு தடவைதான்" என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. நான் சமையலறையில் இருந்தேன். சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று குக்கரை இறக்கி வைத்தேன், மிக்ஸி போடவில்லை. கதவுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை, ஆனால் தொடர்ந்து பேசினான். நிறுத்தினான், மறுபடி பேசினான். எத்தனை மாதம் கழித்துக் கேட்கிறேன் அந்தக் குரலை! உடைந்து, ஆண்பிள்ளைக் குரலாக மாறியிருந்தது. குரல் மாறியதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

27-ஆவது நிமிடம் கதவு திறந்தது. கைப்பேசியை மேசை மேல் கவிழ்த்து வைத்தான். "அம்மா, அவர் என்னை வேறு ஒரு பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை" என்றான். பிறகு, "அவருடைய கண்ணாடியில் தெரிந்தது அம்மா. நான் பேசும்போது வேறு எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்" என்றான். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டான். இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இனி யாரிடமும் பேச மாட்டேன் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினான். அதுதான் அவனிடமிருந்து எனக்குக் கடைசியாக வந்த சொல்.

பணத்தை ஒரு நாள் சம்பாதித்துவிடலாம். அந்த 27 நிமிடத்தை எந்தக் குறைதீர்ப்பு அலுவலர் திருப்பித் தருவார்?

அன்று மதியமே அந்தப் பெண்ணை அழைத்தேன், "நான் இருக்கிறேன் அக்கா" என்றவளை. மணி அடித்து நின்றது. மறுநாள் வாட்ஸ்அப்பில் அவள் படம் மறைந்துவிட்டது. வேறு எண்ணிலிருந்து அழைத்தபோது ஒருவர் எடுத்து, "அவர் விற்பனைப் பிரிவு. நீங்கள் வாடிக்கையாளர் சேவைக்குத்தான் எழுத வேண்டும்" என்றார். விற்பனைப் பிரிவு! என் அழுகையை அவ்வளவு பொறுமையாகக் கேட்டவளின் வேலை அதுதான்.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். "உங்கள் உணர்வுகளைப் புரிந்துகொள்கிறோம்" என்று ஒரு பதில். புகார் எண் ஒன்று. நான்கு நாள் கழித்து அதே வாக்கியம், வேறொரு புகார் எண். மூன்றாவது முறை, "நாங்கள் ஆலோசகரையும் உங்களையும் இணைக்கும் தளம் மட்டுமே, ஆலோசகரின் செயலுக்குப் பொறுப்பல்ல" என்றார்கள். பணம் வாங்கும்போது மட்டும் 38,400-ம் அவர்கள் கணக்குக்குத்தானே போனது? அடுத்த பதிலில் கணக்கு காட்டினார்கள். நான்கு அமர்வு முடிந்ததாம், அவற்றுக்குத் தள்ளுபடி கிடையாதாம், ஒன்றுக்கு 2,000 வீதம் 8,000 கழித்து மீதி 30,400. அதுவும் பணமாக வராது. செயலிக்குள் புள்ளிகளாக வரும், 60 நாளுக்குள் அதே ஆலோசகர்களிடம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். என் மகனை மறுபடியும் அவர்கள் முன்னால் உட்கார வைக்க வேண்டுமாம்.

ஆலோசகர்களின் பதிவு எண்ணைக் கேட்டேன். இருவரின் படத்துக்குக் கீழேயும் செயலியில் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்", அதாவது மருத்துவ உளவியலாளர் என்றுதான் போட்டிருந்தது. நம் நாட்டில் அந்தப் பெயரில் தொழில் செய்ய, 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அந்தக் கவுன்சிலின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தேடினேன். இரண்டு பெயரும் இல்லை. எனக்கு வந்த பதில்: "எங்கள் ஆலோசகர்கள் அனைவரும் எங்கள் தரத் தேர்வில் தேறியவர்கள்." பணம் கட்டும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதை நான் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

போன வாரம், பயம் தாங்க முடியாத ஓர் இரவில், 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய தொலைபேசி மனநல சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழில் பேசினார்கள். எடுத்தவர் முதல் சில நிமிடத்திலேயே கேட்டது: "தம்பி தன்னைத் துன்புறுத்திக்கொள்வதைப் பற்றி ஏதாவது சொன்னானா? இப்போது வீட்டில் அவனுடன் யார் இருக்கிறார்கள்?" எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. 38,400 ரூபாய் வாங்கியவர்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எந்த ஊரிலிருந்து பேசுகிறீர்கள், அவசரம் என்றால் யாரை அழைப்பது என்றுகூடக் கேட்டதில்லை. இங்கேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைப் பார்க்கச் சொன்னார் அவர். நான் வேலைக்குப் போகும் ஊரிலேயே இருக்கிறது.

இணையத்தில் ஆலோசனை பெறுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. என்னுடன் வேலை பார்ப்பவரின் அக்கா கோவையில் இருக்கும் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் ஒரு வருடமாக வீடியோவில்தான் பேசுகிறார், நன்றாகத் தேறிவிட்டார். அமர்வு முடிந்த பிறகுதான் கட்டணம், அதுவும் அந்த ஒரு அமர்வுக்கு மட்டும்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். மணி மூன்றாகப் போகிறது, கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மொத்தமாகக் கட்டாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் சரி. "இன்றிரவு 12 மணி வரை" என்றால் அந்த நிமிடமே வைத்துவிடுங்கள். ஆலோசகரின் பெயரையும் பதிவு எண்ணையும் முதலில் வாங்கி, நீங்களே பதிவேட்டில் பாருங்கள். தனியாகச் சொல்வது யார் காதுக்கெல்லாம் போகும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாக்குறுதிகளை வாட்ஸ்அப்பில் எழுதச் சொல்லுங்கள். என்னிடம் இருப்பதெல்லாம் வாய்ப்பேச்சு. ஏமாந்துவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். 2020-ஆம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். என் செயலியில் அந்த அலுவலரின் பெயரே இல்லை. அதையும் சேர்த்து 1915-இல் சொல்லியிருக்கிறேன். அங்கிருந்து பதில் வந்தால் இங்கே எழுதுகிறேன்.

நாளை மறுநாள் அரை நாள் விடுப்பு போட்டிருக்கிறேன். முதலில் மகன் இல்லாமல் நான் மருத்துவமனைக்குப் போகிறேன். என் கணவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மகனின் கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் தெரிகிறது. இன்னும் தூங்கவில்லை.